காந்தம்

குளிர்பெட்டிக் கதவிலிருந்து
காந்தத்தைக் கழற்றிக்கொண்டு வந்தேன்.
அது பிடித்திருந்த பல் மருத்துவரின் சீட்டு
தரையில் விழுந்தது. எடுக்கவில்லை.

சென்யா தீவு. மீன் உலர்த்தும் சட்டங்களைத் தாண்டி,
ஹால்வாரின் கொட்டகைக்கு வெளியே
அறுபத்தாறாம் ஆண்டு வோல்வோ,
ஒரு காலத்தில் பச்சை.

கதவில் காந்தம் ஒட்டியது.
முன் சக்கரத்துக்கு மேலே வழுக்கி
என் காலடியில் விழுந்தது.
"அங்கே கொஞ்சம் பூசியிருக்கு" என்றான்,
யாரோ செய்ததுபோல.

மிதியடியைத் தூக்கினேன்.
பிரேக்குக்குப் பக்கத்தில்
உள்ளங்கை அகலத்துக்குப் பனி தெரிந்தது.

பதினெட்டாயிரம் குரோனர்.
அதற்கு மேல் வெல்டிங், கண்ணாடி ரப்பர்,
மூன்று குளிர்காலம்.
என்னிடம் இருப்பது பதினெட்டும்
ஆடுகிற ஒரு கடைவாய்ப் பல்லும்.

சாவியைத் திருப்பினான்.
இருமியது. நின்றது. மறுபடி இருமிப்
பிடித்துக்கொண்டது.
டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து ஒரு சுண்டெலி இறங்கி
அந்த ஓட்டை வழியே வெளியேறியது,
வாடகை பாக்கி வைக்காத குடித்தனக்காரர்போல,
அவசரமில்லாமல்.

"யோசிச்சுச் சொல்றேன்."

படகுக்கு இன்னும் நாற்பது நிமிடம்.
கோட்டுப் பைக்குள் கைவிட்டால் காந்தம்,
அதன்மேல் மீசை முளைத்ததுபோல் துரு.
ஊதிப் பார்த்தேன், போகவில்லை.
நாக்கு தானாகப் போய்
கடைவாய்ப் பல்லைத் தொட்டது,
வலிக்கிறதா என்று.

இல்லை.
இன்றைக்கு இல்லை.