இடங்கைப் பிடி

வடசேரியில் மாடிக்கடை.
கண்ணாடிக்குள் மூன்று ஏர் பிஸ்டல்.
வின்சிலாஸ் ஒன்றை எடுத்து நீட்டினார்:
"தொள்ளாயிரம் கிராம். பெண்களுக்கு இது போதும்."

குளச்சல் ஏலக்கூடத்தில் பதினோரு வருசம்
தராசடியில் நின்றவள் நான்.
ஆயிரத்துக்கு மேலிருக்கும் என்றேன்.
நிறுத்தார். ஆயிரத்து முப்பது.
"பெண்களுக்கு" என்ற சொல்
அப்புறம் அந்தக் கடையில் கேட்கவில்லை.

ஆனால் தூக்கியது இடது கை.
மரப்பிடியின் மேடு பள்ளமெல்லாம்
வலங்கைக்காரருக்கே குடைந்தவை.
என் கட்டைவிரல்
அழைக்காத கல்யாணத்துக்கு வந்ததுபோல
வெளியிலேயே நின்றது.

அடுத்ததில் கனம் பரவாயில்லை, விசைதான் முரடு.
இழுக்கும்போதே முனை தலையாட்டியது.

மூன்றாவது, யாரோ திருப்பிக் கொடுத்தது.
கறுப்பு உதிர்ந்த குழல்.
பிடி இருபுறமும் ஒரேபோல்.

குண்டில்லை என்று
அவரும் பார்த்து நானும் பார்த்து
சுவர்க் காலண்டரில் பதினேழைக் குறிவைத்தேன்.
முன்குறி தெளிந்தது, தேதி மங்கியது.
பாதி மூச்சில்
டக்.
முனை அசையவில்லை.

"இதுக்கு வாரண்டி கிடையாது கேட்டேளா."

ரசீதில் கையெழுத்துப் போட்டேன்.
ஈரமை
இடங்கை ஓரத்தில் ஒட்டிக்கொண்டது,
எப்போதும் போல.