இருப்புக் குறைவு

சிட்டி ஷெட்டில் கரிக்கணக்கு எழுதுகிறவன் நான்.
மார்ச்சோடு பேரேட்டை மூடச் சொல்லி
மெட்ராசிலிருந்து தாள் வந்தது.
இனிமேல் டன் இல்லை, லிட்டர்.

டீசல் நேற்றே வந்து நிற்கிறது,
பெண் பார்க்க வந்தவன்போல்
சட்டை கசங்காமல்.
விடியுமுன் எழுந்து நெருப்பு மூட்ட வேண்டாமாம்.
ஃபயர்மேன் தேசிங்கு இனி அதில் உதவியாளர்.
கையைத் தொடைமேல் வைக்கிறார், எடுக்கிறார்,
பாக்கெட்டில் போட்டுப் பார்க்கிறார்.

கடைசி இருப்பை அளந்தோம்.
மூன்று டன் குறைகிறது.
இன்ஸ்பெக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே
எங்கே போச்சு என்றார்.

ஓகலிபுரத்தில்
எந்தெந்த அடுப்பில் என்று எனக்குத் தெரியும்.
சாம்பல் குழியில் குனியும் சவுரியம்மாளின் கூடையில்
மேலே அரைவேக்காட்டுக் கரி,
அடியில் நெருப்பே பார்க்காத கரி.
டெண்டரிலிருந்து அது எப்படித் தவறி விழுந்ததென்று
தேசிங்கைக் கேட்டிருக்கலாம்.
கேட்டதில்லை.
அவள் இட்லிக் கடையில்
எனக்கும் ஒரு கணக்கு ஓடுகிறது.

'மழையில் கரைந்தது' என்று எழுதினேன்.
கரி கரையுமா?
பெங்களூர் மழை சார், என்றேன்.
கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தவர்
கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் சவுரியம்மாள் கூடையோடு வந்தாள்.
டீசல் கிளம்பிப் போயிருந்தது.
ஜல்லியில் நாலைந்து எண்ணெய்ச் சொட்டு.
ஒன்றை விரலால் தொட்டாள்,
முகர்ந்தாள்,
ஜல்லியிலேயே துடைத்தாள்.

"இதை எதுல அள்ளுறது, கணக்கரே?"