வெற்றுக் கம்பி

ரூவியில் எங்கள் ஜிம்முக்கு ஜன்னல் கிடையாது.
ஏசி சொட்டும் இடத்தில் ஒரு பெயிண்ட் வாளி.
பதினொரு மாதமாக
சட்டை மாட்டும்போதெல்லாம் வலது தோள்
டக் என்கிறது,
கூப்பிடாமலே ஆஜர் சொல்லும் பையன் மாதிரி.

ஸ்கேனுக்கு இன்ஷூரன்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை.
பிசியோ ரோவேனா
என் கையைக் கடிகார முள்ளாக உயர்த்தினாள்.
பத்து மணிக்கு நின்றுவிட்டது.
எடையைக் குறை என்றாள்.
குறைத்தேன், கண்ணாடியைப் பார்க்காமல்.

நேற்று மூன்றாம் மாடிக்கு
சிலிண்டர் தூக்கிவந்த இஸ்ராஃபீல்
என் தோளில் ஒட்டியிருந்த நீலப் பட்டையைப் பார்த்து
எந்தக் கம்பெனியில் லோடிங் என்று கேட்டான்.
லோடிங் இல்லை, ஜிம்.
மாதம் எவ்வளவு தருகிறார்கள்?
நான்தான் தருகிறேன், பதினைந்து ரியால்.
அவன் சிரிக்கவில்லை.
தன் வலது தோளைத் தொட்டுக் காட்டினான்:
இங்கேதானே?
ராத்திரி அந்தப் பக்கம் படுக்காதே.

மீதிப் பட்டையை
ரோலோடு கொடுத்தேன்.
காலி சிலிண்டரைச் சுமந்து இறங்கிப் போனான்,
இடது தோளில்.

இன்று வெறும் கம்பி மட்டும். இருபது கிலோ.
எட்டாவது தடவை
டக்.
வழக்கத்தைவிட மெதுவாகத்தான்,
அல்லது பாட்டுச் சத்தத்தில்
எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.