உச்சு

சிசெலோ என்று எழுதினால் பிழை.
நடுவில் ஓர் ஒலி இருக்கிறது,
நாக்கு நுனி மேற்பல்லின் பின்னால் ஒட்டி
வெடுக்கென்று விடுபடும் ஒலி.
இருநூற்று நாற்பத்தேழு எழுத்திலும்
அதற்கு ஓர் இடமில்லை.

பீட்டர்மரிட்ஸ்பர்க்கில்
காப்பகத்தின் பச்சைக் கதவடியில்
மாதூபே அவனை என் கையில் தந்தபோது
பெயருக்கு என்ன பொருள் என்று கேட்டேன்.
வேண்டுதல் என்றாள், பிறகு யோசித்து,
விண்ணப்பம் என்றும் சொல்லலாம் என்றாள்.
குகதாசன் சிரித்துவிட்டார்.
பெர்கன் மழையில் நான்கு வருடம்
நாங்கள் நிரப்பியது அதைத்தானே:
சம்பளச் சீட்டு, பொலிஸ் சான்றிதழ்,
பல் வைத்தியரின் கடிதம்கூட.

இரண்டரை வயது. ஒற்றைச் சப்பாத்து.
மற்றதை வழியில்
கார் ஜன்னலால் எறிந்திருந்தான்.

விடுதியில் முதல் இரவு சோறு குழைத்து நீட்டினேன்.
அதே ஒலி, கூடவே ஓர் 'ஆ'.
சூலுவில் அதற்கு 'இல்லை' என்று அர்த்தம்.
குளிக்கத் தண்ணீர் அளவான சூட்டில் இருந்தது. அதற்கும் இல்லை.
குரங்கொன்று ஜன்னலில் வந்து பாணைத் தூக்கிப்போனது,
அதைப் பார்த்து மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.
மாதூபேயின் பழைய சால்வையைச் சுருட்டி
கதவுக்கும் அலுமாரிக்கும் இடையில் படுத்தான்.
நான் கட்டிலில் படுக்கக் கூசி
நிலத்தில் படுத்தேன், மூன்று முழம் தள்ளி.
விடிய ஹடீடாக்கள் கூரையில் கத்தின.
சால்வை இரண்டு முழம் தள்ளிப் போயிருந்தது.

அவன் மறுத்ததில் நியாயம் இருந்தது.
யாரோ இருவர் வந்து, கையெழுத்துப் போட்டு,
தெரிந்த ஒரே வாசனையிலிருந்து தூக்கிப்போனால்
நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்,
அந்த ஒலி என் வாய்க்கு வருமென்றால்.

குளியலறைக் கண்ணாடி முன் பழகினேன்.
சி. ட்ஸ். எலோ.
எச்சில்தான் தெறித்தது.
கதவிடுக்கால் பார்த்துக்கொண்டு நின்றான்,
முகத்தில் ஒன்றுமில்லை.

ஆறாம் நாள் ஸ்காபரோவிலிருந்து
சிவபாக்கியம் மாமி தொலைபேசியில் வந்தா.
படத்தை அனுப்பியிருந்தோம்.
"என்ன பிள்ளை, எங்கட நிறத்திலை
ஒண்டும் கிடைக்கேல்லையோ?"
என்று கேட்டுவிட்டு
உச்சுக் கொட்டினா.

பன்னிரண்டு வருடமாய் எனக்குத் தெரிந்த ஒலி.
கலியாண வீட்டுப் பந்தியில், தொட்டிலைச் சுற்றி நின்ற பெண்களிடம்,
கோயில் வாசலில் செருப்புத் தேடுகையில்
முதுகுக்குப் பின்னால் விழுந்த ஒலி.
பாவம், என்பார்கள் அதன் பிறகு.
நான் திரும்பிப் பார்ப்பதில்லை.

சிசெலோ திரும்பிப் பார்த்தான்.
சால்வையை விட்டுவிட்டு எழுந்து வந்தான்,
தொலைபேசியைச் சுற்றி, அதன் அடியில்,
யார் அது என்று தேடினான்,
தன் பாஷை தெரிந்த ஒருத்தி.

மாமி இன்னும் பேசிக்கொண்டிருந்தா.
நான் அணைத்துவிட்டேன்.
அடக் கடவுளே, இதுவா,
இந்த ஒலியா, இது என்னிடம் எப்போதும் இருந்ததே,
வாயில் வைத்துக்கொண்டா கண்ணாடியிடம் கேட்டேன்?

ஒருமுறை கொட்டினேன்,
யாருக்காகவும் இரங்காமல்.
பிறகு அதற்கு முன்னால் ஒரு 'சி',
பின்னால் மிச்சப் பெயர்.

அவன் சரியென்று சொல்லவில்லை. சிரிக்கவுமில்லை.
கிட்ட வந்து, என் முழங்காலில் ஒரு கையை ஊன்றி,
மற்றக் கையின் விரலை
என் வாய்க்குள் விட்டான்.
விசுக்கோத்துத் தூளும் உப்பும் மண்ணுமாய் ஒரு விரல்,
நாக்கின் அடியில், பல்லின் பின்னால்,
அது எங்கே இருக்கிறது என்று
அவசரமில்லாமல் தேடியது.

வெள்ளிக்கிழமை நீதிமன்றம்.
குகதாசன் கோப்போடு உள்ளே வந்து
ஏதோ கேட்டார்.
நான் வாயை மூடவில்லை.