நாற்பத்தொன்றாம் அத்தியாயம்

குலசேகரத்தில் மழை விட்டு
றப்பர் தோட்டங்கள் சொட்டிக்கொண்டிருந்த இரவில்
இடது கையை வலது கையால் ஏந்தி வந்தாள்,
யாருடைய குழந்தையையோ தூக்கி வருவதுபோல.

"பாத்ரூமில வழுக்கினதாக்கும்" என்றாள்,
நான் எதுவும் கேட்கும் முன்பே.

எக்ஸ்ரே எடுப்பது என் வேலை.
கையைத் திருப்பு, அசையாதே.
மற்ற நேரத்தில், வேறொரு பெயரில்,
வாரம் இரண்டு அத்தியாயமாகச் செல்போனில்
ருத்ரேஷ்வரை எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு:
ஆறடி இரண்டங்குலம். புருவத்தில் ஒரு வெட்டு.
மூன்றாம் அத்தியாயத்தில் அவளைக் கடத்தினான்.
ஒன்பதில் கதவைப் பூட்டினான்.
பதினேழில் கழுத்தில் கைவைத்து
"நீ எனக்கு மட்டும்தான்" என்றபோது
பதினோராயிரம் பேர் இதயம் போட்டார்கள்.
எழுதும்போது எனக்கும் உள்ளங்கை வியர்த்தது,
பொய் சொல்லமாட்டேன்.

நாற்பது முடிந்துவிட்டது.
இனி அவனைத் திருத்து என்கிறார்கள்.
சின்ன வயதில் அவனுக்கு அம்மா இல்லாமல் போகட்டும்,
அவள் மடியில் ஒரு தடவை அழட்டும்,
தேங்காப்பட்டணம் கடற்கரையில் குழந்தையோடு முடி.
சிலர், அவளுக்காகக் குண்டு வாங்கிச் சாகட்டும் என்கிறார்கள்.
செத்தால் இன்னும் அழகாகிவிடுவான்.
அது எனக்குத் தெரியும்.

படம் வந்தது.
மணிக்கட்டுக்கு மேலே புது முறிவு,
வெள்ளையில் ஒரு கறுத்த மயிர்.
நாலு விரற்கடை தள்ளிப் பழையது ஒன்று,
கோணலாகக் கூடித் தடித்து.
இரண்டு பாத்ரூம், என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் வர அரைமணி நேரமாகும்.
பெஞ்சில் உட்கார்ந்து நல்ல கையால்
போனைத் தள்ளித் தள்ளி வாசித்தாள்.
எட்டிப் பார்த்தேன்.
*அவன் கோபத்துக்குள் ஒரு தாலாட்டு இருந்தது.*
என் வாக்கியம்.
அதை எழுதிவிட்டு, ராத்திரி ஒரு மணிக்கு,
கட்டன்சாயா போட்டுக் குடித்தேன்.

"இதெல்லாம் பயமா இல்லியா?"

சுஜிலா, சீட்டில் அப்படித்தான் இருந்தது பெயர்,
சிரித்தாள்.
"இவன் பாவமாக்கும் அக்கா.
பட்டனை அமுக்கினா போயிருவான்.
எனக்க கெட்டியோனுக்குப் பட்டன் இல்லெ."

எப்படி முடியணும் என்று கேட்டேன்,
எவளோ எழுதுகிற கதைபோல.

வெளியே பேச்சிப்பாறைக் கடைசி பஸ்
திரும்பிப் போகும் சத்தம்.

"திருந்தாண்டாம்" என்றாள்.
"இதில இவன் திருந்துனா
நான் வீட்டில போயி
இன்னும் ஒரு வருசம் பாத்திட்டிருப்பேன்."

மாவுக்கட்டுப் போட உள்ளே போனாள்.
போனை என் கையில் தந்துவிட்டுப் போனாள்.
அது அடித்தது.
திரையில் 'எனக்க உயிர்' என்று மினுங்கியது.
பச்சை ஒன்று, சிவப்பு ஒன்று, பட்டன் இருந்தது.
அமுக்கவில்லை.
ஒன்பது தடவை அடித்தது.

விடியக்காலம் தோட்டத்தில் ஒரு லைட்டும் இல்லை.
நனைந்த மரத்தில் கத்தி வைக்கமாட்டார்கள்,
மரத்துக்கு இன்றைக்கு லீவு.

டூட்டி முடிகிற நேரத்தில் எழுதினேன்:
ருத்ரேஷ்வர் கதவைத் தட்டுகிறான்.
கையில் ரோஜா. நனைந்த சட்டை.
எப்போதையும்விட அழகாக இருக்கிறான்.
உள்ளே ஆள் இல்லை.
அவன் தட்டிக்கொண்டிருக்கிறான்.

பழக்கத்தில் விரல் 'தொடரும்' என்று அடித்தது.
அழித்தேன்.

அன்றைக்கே முந்நூறு பேர் திட்டினார்கள்.
இதற்கா நாற்பது வாசித்தோம்,
காதல் தெரியாதவள் எழுதக் கூடாது, இன்னும் என்னென்னவோ.
படம் வைக்காத ஒரு கணக்கிலிருந்து
ஒருத்தி மட்டும்
அவள் எந்த பஸ்ஸில் போனாள் என்று கேட்டிருந்தாள்.

அஞ்சேகால் தக்கலை வண்டி, என்று பதில் போட்டேன்.
பொம்பளைகளுக்கு டிக்கெட் இல்லை.