நூறுக்கு எத்தனை

இங்கே இந்த வண்டிக்குப் பெயர் பக்கி.
முதல் முறை கேட்டபோது
யாருக்கு எவ்வளவு பாக்கி என்றுதான்
திரும்பிப் பார்த்தேன்.

வெருலம். பழைய நூற்றிரண்டாம் சாலை ஓரம்
பன்னிரண்டு பக்கிகள் மழையில் நிற்கும் முற்றம்.
ரிஷாலன் விற்கிறான்:
ஆயிரத்து நானூறு சிசி, பெட்ரோல்,
நூறு கிலோமீட்டருக்கு ஏழே கால் குடிக்கும்.

நான் பிறந்த சிவகாசிப் பக்கம்
லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும் என்போம்,
மாட்டை விசாரிப்பதுபோல.
இங்கே எவ்வளவு குடிக்கும் என்கிறார்கள்,
மாப்பிள்ளையை விசாரிப்பதுபோல.

நூறை ஏழே காலால் வகுத்தேன்.
பதின்மூன்று புள்ளி எட்டு.
சந்தோஷப்பட வேண்டிய எண்,
அதனாலேயே சந்தேகம்.

யார் ஓட்டிப் பார்த்தது, என்றேன்.
தொழிற்சாலை, என்றான்.
தொழிற்சாலையில் மேடு உண்டா?
பின்னால் முட்டைக்கோஸ் உண்டா?
கரும்பு லாரியின் வாலைப் பிடித்துக்கொண்டு
இரண்டாம் கியரில் இருபது நிமிடம்
ஊர்ந்திருக்கிறதா உங்கள் தொழிற்சாலை?
ரிஷாலன் சிரித்தான். பல்வரிசை அழகு.

அடுத்தது ஆயிரத்து அறுநூறு.
அதே உடம்பு, கொஞ்சம் பெரிய நெஞ்சு.
மூலையில் டீசல், ஆயிரத்து எழுநூறு,
மூன்று லட்சம் கிலோமீட்டர் பார்த்தது.
பூபாலனுக்கு அதன்மேல்தான் கண்.
டீசல் இழுக்கும், என்கிறார்,
இழுக்கும் இழுக்கும்.
தவணையும்தான், என்று நான் சொல்லவில்லை.

யானையைக் கட்டித் தீனி போடும் வேலை
இந்த வீட்டில் என் கையெழுத்தில் நடக்கிறது.
எனவே சொன்னேன்:
உருளைக்கிழங்கை ஏற்றுங்கள்.

நாற்பது பை, ஒவ்வொன்றும் பத்துக் கிலோ,
விடியலில் கிளேர்வுட் சந்தையில் எடுத்தவை.
மூன்று வண்டிக்கும் மாற்றி மாற்றி
சிபுசிசோ ஏற்றினான்.
மூன்றாம் முறை நிமிர்ந்து,
"மா, எதை வாங்குகிறாய்,
வண்டியையா, என் முதுகையா?" என்றான்.

மவுண்ட்வியூ மேட்டில்
ஆயிரத்து நானூறு பாதியில் மூச்சு வாங்கியது.
முதல் கியருக்கு இறக்கினேன்.
ஊசி சிவப்பைத் தொட்டுக்
கிழங்குகளின் சார்பில் கத்தியது.
சின்ன எஞ்சின் சிக்கனம் என்பது
சமதரையில் எழுதிய வாக்கியம்.

டீசல் ஏறியது. கேட்காமலே ஏறியது.
கண்ணாடியில் பார்த்தால்
பின்னால் வந்த மினிபஸ்ஸைக் காணோம்,
அவ்வளவு புகை.
அதற்கும் ஒரு நாள் பில் வரும்
இன்ஜெக்டர் என்ற பெயரில்.

ஆயிரத்து அறுநூறு முனகியது.
முனகிக்கொண்டே ஏறி,
உச்சியில் ஒன்றும் நடக்காததுபோல நின்றது.

அதையே எடுத்தோம்.
பூபாலன் இரண்டு நாள் பேசவில்லை.
மூன்றாம் நாள் அதற்கு ஸ்பீக்கர் மாட்டினார்.

இன்று செவ்வாய்.
நள்ளிரவு தாண்டினால் பெட்ரோல் விலை ஏறும்.
ஊரே பங்கில் வரிசை, எஞ்சினை அணைக்காமல்,
மிச்சம் பிடிக்க வந்ததை
வரிசையிலேயே எரித்துக்கொண்டு.

நான் அணைத்துவிட்டு இறங்கி
பானட்டின் மேல் நோட்டை விரிக்கிறேன்.
நாற்பத்தொரு நாள், சுமையோடு, மழையோடு,
நூறுக்குப் பத்து புள்ளி ஆறு.
ரிஷாலன் கொடுத்த தாளில் எட்டு.
நடுவில் உள்ள இரண்டு புள்ளி ஆறு
மேடு, முட்டைக்கோஸ்,
பூபாலனின் வலது கால்.

முன்னால் ஒரு வண்டி நகர்ந்தது.
எஞ்சினைக் கிளப்பவில்லை.
கதவுச் சட்டத்தில் தோளைக் கொடுத்துத் தள்ளினேன்.
இருட்டில் பின்னாலிருந்து
யாருடையதோ ஒரு கை சேர்ந்தது.
பக்கி நான்கு முழம் நகர்ந்தது,
ஒரு சொட்டும் குடிக்காமல்.