வலது கை நகங்கள்

சனிக்கிழமை ராத்திரி
அவருக்கு இடது கை நகங்களை வெட்டிவிடுவது என் வேலை.
ஒட்ட, சதையோடு, வெள்ளை தெரியாமல்.
வலது கைப் பக்கம் போகக் கூடாது.
அது கிதாருக்கு.

பெண் பார்க்க வந்த அன்று
என் சித்தப்பா அந்த நகங்களைத்தான் பார்த்தார்.
"மாப்பிள்ளைக்கு ஏதும் பழக்கம் உண்டுமோ?"
உண்டு என்றார் இவர்.
காலையில் இரண்டு மணி நேரம், ராத்திரி மூன்று.

ஜே. தேவதிரவியம்,
வருவாய் மேற்பார்வையாளர், மின்வாரியம், பாளையங்கோட்டை.
எங்கள் சபையில் கிதார்காரர்கள் தெருவுக்கு நாலு பேர்,
அள்ளி அடித்துக் கைதட்ட வைப்பவர்கள்.
இவர் அடிக்கமாட்டார்.
ஒவ்வொரு நரம்பையும் கேட்டுக்கொண்டுதான் தொடுவார்.
"தம்பி, ஆண்டவரைக் கொஞ்சம் சத்தமாத் துதிக்கலாமே"
என்று ஐயரே சொல்லிப் பார்த்தார்.

தொண்ணூற்றொன்றில் சென்னையிலிருந்து நரம்பு வரவில்லை.
உவரிக்குப் பஸ் ஏறி
தங்கூசி வாங்கிவந்தார், மூன்று கனத்தில்.
என்ன மீனுக்கு என்று கடைக்காரன் கேட்டானாம்.
யோசித்துவிட்டு "இன்னும் தெரியலவே" என்றாராம்.
அந்த வருஷம் முழுக்க வீட்டில்
கடல் வாடை அடித்தது என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும்.
அடிக்கவில்லை. புதுத் தங்கூசிக்கு வாடை கிடையாது.
சுருதிதான் நிற்கவில்லை.

நகம் உடைந்தால்
பிங்பாங் பந்தை வெட்டிப் பசை போட்டு ஒட்டிக்கொள்வார்.
ஒரு பந்துக்கு ஒன்பது நகம். கணக்கு என்னுடையது.
அந்தக் கையோடு போய்
ஊரார் கட்டிய பில் பணத்தை எண்ணுவார்.

நாற்பது வருஷத்தில் பதினோரு கச்சேரி.
எட்டாவது, நூற்றாண்டு மண்டபத்தில், மே மாசம்.
மைக் இரைந்தது. அதைவிட விசிறிகள்.
இரண்டாவது உருப்படியில் கரண்டு போயிற்று.
பின்வரிசையிலிருந்து ஒருவன்:
"ஏ கரண்டாபீஸ்காரரே, பீசைப் போட்டுட்டு வாரும்வே!"
மண்டபமே சிரித்தது.
இவரும் சிரித்தார், கையை நிறுத்தாமல்.

சிரிப்பு அடங்கியபோதுதான்
விசிறிகள் நின்றிருப்பது தெரிந்தது.
முந்நூறு பேர் வேர்வையோடு முன்னால் சாய்ந்தார்கள்.
விரல் நரம்பை விட்டுப் பிரிகிற சத்தம்கூடக் கேட்டது.
எனக்கே அன்றைக்குத்தான் கேட்டது,
பத்தொன்பது வருஷம் அடுத்த அறையில் படுத்திருந்தும்.
கரண்டு வந்ததும் யாரோ "ச்சே" என்றார்கள்.

அதற்குப் பிறகுதான் சொந்தமாக எழுதத் தொடங்கினார்.
பதினாலு உருப்படிகள்.
ரீடிங் எடுப்பவன். வண்ணார்பேட்டை மேம்பாலம். மின்தடை.
நெல்லையப்பர் கோயில் இசைத்தூணைப் பற்றி
ஒன்று போடக் கூடாதா என்று
வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் கேட்டார்கள்.
"அது ஏற்கெனவே நல்லாத்தானே இருக்கு."

ஐம்பத்தாறு வயசில் வலது மோதிர விரல் முரண்டு பிடித்தது.
சட்டைக்குப் பித்தான் போடும், சோறு பிசையும்,
கிதாரைத் தொட்டால் மட்டும் உள்ளே மடங்கிக்கொள்ளும்.
ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் டாக்டர் நரம்பு என்றார்.
எந்த நரம்பு என்று கேட்டுவிட்டு
இவர் மட்டும் சிரித்தார்.

பதினைந்தாவதை மூன்று விரலுக்கு எழுதினார்.
எழுதி முடித்த சனிக்கிழமை
அந்த மோதிர விரலையும் என்னிடம் நீட்டினார்.
"இதையும் எடுத்துரு."
நகவெட்டி நுழையவில்லை, அவ்வளவு கனம்.
கத்தரிக்கோல் எடுக்க அடுக்களைக்குப் போனவள்
கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

போன மாசம் போர்ச்சுகலிலிருந்து ஒரு பெண்
அந்தப் பதினைந்தாவதை வாசித்து அனுப்பியிருந்தாள்.
நடுவில் இரண்டு அளவு வெறுமையாக இருக்கும்.
காலை ஆறேகாலுக்கு எங்கள் தெருவில்
மீன் வண்டிக்காரன் ஹாரன் அடிக்கிற இடம் அது.
அவளுக்கு அதெல்லாம் எங்கே தெரியும்.
தலையசைத்து எண்ணிக்கொண்டு
சரியாகக் காத்திருந்தாள்.

இவர் போனைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துக்கொண்டு
அந்தக் காலி இடத்தில்
வாயாலேயே அடித்தார்:
பாம். பாம்.